வாரத்துக்குப் போன கோழிகள்

லோஞ்சின் டீசல் மணம் இன்னும் மூக்கில் நிற்கிறது... திருகோணமலையிலிருந்து மூதூருக்கு ஆட்களை ஏற்றிக் கடலால் போகும் லோஞ்சு. மடியில் சேர்வே படிவங்கள், உப்புத்தண்ணீர் படாமல் இரண்டு ஷொப்பிங் பையில் சுற்றி!

சண்டைக் காலம். எனக்கு முதல் வேலை. ஏறும்போது ஒரு செக்கிங், இறங்கும்போது ஒரு செக்கிங். படிவத்தில் "கோழி எத்தனை, முட்டை எத்தனை" என்று இருப்பதைப் பார்த்து ஒரு நேவிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

விஷயம் இதுதான். மூதூருக்குப் பக்கத்துத் தமிழ்க் கிராமமான கட்டைபறிச்சானில் கணவனை இழந்த பெண்களுக்கு ஒரு நிறுவனம் கோழி கொடுத்தது. காலில் சிவப்பு வளையம் போட்ட கோழிகள். பக்கத்து முஸ்லிம் கிராமத்துக்குக் கொடுக்கவில்லை, அது ஒப்பிட்டுப் பார்க்க. ஒரு வருடத்தில் இங்கே கூடிய முட்டையிலிருந்து அங்கே கூடியதைக் கழித்தால், மிஞ்சுவதுதான் திட்டத்தின் பலன். அந்தக் கழித்தல் எனக்கு மந்திரம் போல இருந்தது!

"ரெண்டு ஊருக்கும் இப்ப போக்குவரத்துக் குறைவு. ஒண்டோட ஒண்டு கலக்காது" என்று சொல்லித்தான் எங்கள் பொறுப்பாளர், நாங்கள் 'சேர்' என்று கூப்பிடுபவர், அந்த ஊரைத் தெரிந்தெடுத்தார்.

வருடம் முடிந்து கழித்துப் பார்த்தால்... ஒன்றும் மிஞ்சவில்லை. இரண்டு ஊரிலும் ஒரே அளவு கூடியிருந்தது.

"கோழியால பிரயோசனம் இல்லை எண்டுதான் றிப்போட் எழுதவேணும். இனி ஒருத்தருக்கும் குடுக்கமாட்டினம்" என்றார் சேர்.

கோழி வாங்கியவர்களில் ஒருவரான கட்டைபறிச்சான் பூமணி அக்கா அடுத்த தொகுதிக் கோழிகளுக்காகக் கூடு கட்டி முடித்திருந்தார். 

இரண்டு நாள் தவணை கேட்டுத் திரும்பப் போனேன். முஸ்லிம் கிராமத்தில் சுபைதா ராத்தாவின் வளவில் ஒரு கோழி கிளறிக்கொண்டு நின்றது. காலில்... சிவப்பு வளையம்!

"ராத்தா, இது எங்கால?"

"இது பூமணிட கோழி தங்கச்சி. வாரத்துக்கு விட்டிருக்கா. குஞ்சில பாதி எனக்கு, பாதி அவக்கு."

"போன முறை ஏன் சொல்லேல்லை?"

"நீங்க கோழி எத்தனை எண்டுதானே கேட்டீங்க. ஆர்ர கோழி எண்டு கேக்கலையே!"

ஓட்டமும் நடையுமாகப் பூமணி அக்காவிடம் போனேன்.

"ஓம், விட்டனான். கரைச்சல் வந்து ஓடவேண்டி வந்தா பிள்ளையளைத் தூக்குறதோ, கோழியத் தூக்குறதோ? அங்க நிண்டா மிஞ்சும். அவங்களுக்கு ஒண்டெண்டா அவங்கட ஆடு இஞ்ச நிக்கும்."

படிவத்தில் ஒரு கேள்வியைக் கையாலேயே எழுதிச் சேர்த்தேன்: இந்தக் கோழி யாருடையது? வீடு வீடாக ஏறி இறங்கினேன். எத்தனை வளவில் வளையம்! வாரத்துக்கு வந்த கோழிகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் சேர் முஸ்லிம் கிராமக் கணக்கிலிருந்து எடுத்துக் கட்டைபறிச்சான் கணக்கில் சேர்த்துத் திரும்பக் கழித்தார். மிஞ்சியது! நன்றாகவே மிஞ்சியது! நான் கதிரையை விட்டுத் துள்ளிக் கத்தியதில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள். அடுத்த தொகுதி இரண்டு ஊருக்கும் போனது.

இப்போதும் அதே வேலைதான். கையில் பிடிக்கும் டெப், வழி காட்ட மெப், கணக்குப் போடக் கணினி... ஒரு கிழமையில் விடை கையில். அந்தக் கேள்வியை மட்டும் எல்லாப் படிவத்திலும் விடாமல் போடுகிறேன்.

போன மாதம் அந்த இரண்டு ஊருக்கும் கணக்கெடுக்கப் போன என் அலுவலகப் பிள்ளைகள் பதில்களை அனுப்பியிருந்தார்கள். அந்தக் கேள்விக்கு வீட்டுக்கு வீடு ஒரே பதில்: "எங்கட".

"மெடம், டேட்டா நல்ல கிளீன்!" என்றார்கள் சந்தோஷமாக.

சண்டை முடிந்து எவ்வளவோ காலம். கோழியை இன்னொரு ஊரில் விட்டுவைக்கும் தேவை இப்போது யாருக்கும் இல்லை, நல்லதுதான். ஆனாலும் யாராவது ஒருவர் "பூமணிட" என்று சொல்லியிருக்கமாட்டார்களா என்று கடைசிப் பக்கம் வரை தேடினேன்.