எச்சில் படாத கத்தி

டக்கென்று திறந்துகொண்டது. பெருவிரலை வைத்துத் தள்ளியது மட்டும்தான் தருமனுக்குத் தெரியும். அலகு அரைவட்டம் அடித்து வெளியே வந்து நேராக நின்றது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மூடலாம் என்று நினைத்தான். எப்படி மூடுவது என்பது மறந்துபோயிருந்தது.

அமுக்கிப் பார்த்தான். தொடையில் முட்டுக் கொடுத்து அழுத்திப் பார்த்தான். கத்தி பிடிவாதமாக நின்றது.

பக்கத்து டீக்கடையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த வேணு தலையை நீட்டினான்.

"இன்னா தருமா, யார குத்தப் போற?"

"மூட மாட்டேங்குதுடா."

"ஆயிரத்து ஐந்நூறு தொறக்கிறதுக்கு மட்டுந்தானா? மூட்றதுக்குத் தனியா கேப்பானா?"

எரிக் அதைக் காட்டிவிட்டுத்தான் போயிருந்தான். பிடிக்கு உள்ளே மெல்லிய தகடு ஒன்று இருக்கிறது. அதைப் பெருவிரலால் ஒதுக்கிக்கொண்டே ஆள்காட்டி விரலால் அலகை மடக்க வேண்டும். காட்டும்போது புரிந்தது. இப்போது ஞாபகம் வந்தாலும் விரலை அலகின் வழியில் கொண்டுபோக மனம் வரவில்லை. இருப்பதே ஒரு கை விரல்கள்தான்.

எரிக் ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரன். ஆறு மாதமாகத் தருமனிடம்தான் சைக்கிள் வாடகைக்கு எடுத்தான். ஊருக்குக் கிளம்புகிற வெள்ளைக்காரர்கள் ஸ்டவ், பாய், கொசுவலை என்று எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போவார்கள். எரிக் தன்னுடையதையெல்லாம் விற்றுவிட்டு, கத்தியை மட்டும் தருமனிடம் கொண்டுவந்தான். "மூணு நாள் நீ வெச்சுக்கோ. பிடிச்சா காசு, ஆயிரத்து ஐந்நூறு. பிடிக்கலைன்னா கத்தி. புதன்கிழமை சாயங்காலம் பஸ்" என்றான். அவன் தமிழ் அவ்வளவுதான். ஆனால் எதற்காகத் தன்னிடம் கொண்டுவந்தான் என்பது தருமனுக்குத் தெரியும். தருமன் பல்லால் கத்தியைத் திறப்பதை அவன் பார்த்திருக்கிறான்.

தருமனின் இடது கையில் பெருவிரல் ஒன்றுதான் மிச்சம். மற்ற நான்கும் கீழ்பென்னாத்தூரில், வேர்க்கடலை உடைக்கிற இயந்திரத்தில் போயின. அப்போது இருபது வயதிருக்கும். பெண் பார்க்கப் போனபோது அந்தக் கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காசியம்மாள் காபியை நீட்டினாள். அவன் வலது கையில் பூந்தட்டு. இடது கையை எடுக்க வேண்டியதாயிற்று. அவள் பார்த்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். உள்ளே என்ன பேசினார்களோ, கல்யாணம் நடந்தது. அதைப் பற்றி அவன் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

ஊரைத் தனி மாவட்டமாகப் பிரித்த வருஷம் செங்கம் ரோட்டில் வாடகை சைக்கிள் கடை போட்டான். ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. பஞ்சர் ஒட்டும்போது டியூபைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துக்கொள்வான். பம்புக்கு முழங்கால். ஸ்பேனருக்கு மணிக்கட்டு. எல்லாவற்றுக்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். மடக்குக் கத்திக்கு மட்டும் பல். அலகின் பள்ளத்தில் முன்பல்லைக் கொடுத்து இழுப்பான். அப்படி இழுத்து இழுத்தே ஒரு பல்லின் ஓரம் தேய்ந்துபோயிருந்தது.

"மடக்காத கத்தி வாங்கிட்டா தொறக்கவே வோணாமே. பத்து ரூபாய்க்கு சந்தையில குடுக்கிறான்" என்றான் வேணு.

"வாங்கினேனே. பௌர்ணமி கிரிவலத்துக்கு அடி அண்ணாமலைல உக்காந்து பஞ்சர் ஒட்டுறப்ப லுங்கியக் கிழிச்சித் தொடையில ஏறிடிச்சி. தழும்பு காட்டட்டுமா?"

"வோணாம், யாவாரம் நடக்கிற நேரம்."

வேணு சொன்னதிலும் நியாயம் இருந்தது. அன்று மத்தியானம் தருமன் பழைய டியூபை எடுத்து, பழைய கத்தியால் ஒரு துண்டு வெட்டினான். புதுக் கத்தியால் ஒரு துண்டு வெட்டினான். இரண்டையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். ஒரு ஆள் வந்து காற்றடித்துக்கொண்டு போனார். திரும்பிப் பார்த்தபோது எது எதில் வெட்டியது என்று தெரியவில்லை. திறந்த பிறகு இரண்டும் கத்திதான். அப்படியானால் அந்த ஆயிரத்து ஐந்நூறு எதற்கு? திறக்கிற அந்த ஒரு நொடிக்கா? அந்தக் காசுக்குப் புது சைக்கிளே ஒன்று வாங்கலாம். சைக்கிள் வாடகைக்குப் போகும். கத்தி எங்கே போகும்?

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒருவர் வாடகை வண்டியைத் திருப்பி விட வந்தார். அவரிடமும் காட்டினான். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த மாதிரி கத்திக்கெல்லாம் லைசென்ஸ் வாங்கணும்னு சொல்றாங்க."

"அப்டியா சார்?"

"வேணாம்னும் சொல்றாங்க. எதுக்கும் விசாரிச்சிக்கோங்க."

யாரை விசாரிப்பது என்று அவர் சொல்லவில்லை. தருமன் தகட்டைத் தயங்கித் தயங்கி ஒதுக்கி, கத்தியை ஒருவழியாக மடக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கனமாக இருந்தது. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை தொட்டுப் பார்த்தான். மூடுவது மறுநாள் கைக்கு வந்துவிட்டது. திறந்தான், மூடினான். திறந்தான், மூடினான். நறுக்குவதற்கு எதுவும் இல்லாமலே அதைச் செய்துகொண்டிருந்தான்.

வீட்டில் காட்டவில்லை. காட்டினால் காசியம்மாள் விலை கேட்பாள். சோடா பாட்டில், மாத்திரை அட்டை, ஷாம்பு பாக்கெட், சட்டைப் பொத்தான் என்று அவனுக்காகத் திறந்து கொடுப்பதெல்லாம் அவள்தான். சில சமயம் கடைக்குச் சோறு கொண்டுவரும்போது, கேட்காமலே கத்தியையும் நகத்தால் திறந்து வைத்துவிட்டுப் போவாள். இவ்வளவு நாள் நான் திறந்து கொடுக்கலையா என்று அவள் கேட்டால் என்ன பதில் சொல்வது? அதற்காக இல்லை என்று சொல்லலாம். எதற்காக என்று அடுத்துக் கேட்பாள்.

புதன்கிழமை ஆயுத பூஜை. அன்று வண்டி வாடகைக்கு விடுவதில்லை. காலையிலேயே சைக்கிள்களைக் கழுவி வரிசையாக நிறுத்தினான். சட்டையைக் கழற்றிக் கடை ஆணியில் மாட்டிவிட்டு, துண்டோடு நின்று தரையைக் கழுவினான். காசியம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள்.

"பொரியும் பூசணிக்காயும் வாங்கிக்கினு வா. பூசணி சின்னதா பாரு. போன வருஷம் வாங்கினியே, யானைத் தல மாதிரி."

வேறு சட்டையை மாட்டிக்கொண்டு தேரடி வரை போனான். கூட்டத்தில் நேரமாகிவிட்டது. திரும்பி வந்தபோது எல்லா சைக்கிளுக்கும் பொட்டு வைத்து முடித்திருந்தாள். பலகையில் வாழையிலை போட்டு, ஸ்பேனர், பம்பு, சுத்தியல், கல்லாப் பெட்டி என்று வரிசையாக அடுக்கியிருந்தாள். நடுவில் எரிக்கின் கத்தி இருந்தது.

மடங்கியபடி இருந்தது. பிடியில் மூன்று விரல் சந்தனம். அலகு திரும்புகிற இடத்தில், பெருவிரல் வைக்கிற ஓட்டையில் எல்லாம் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தாள்.

தருமன் பூசணிக்காயை இறக்காமலே நின்றான்.

"அத எங்கருந்து எடுத்த?"

"உன் சட்டையில தான். தொவைக்கலாம்னு எடுத்தேன். மூணு நாளா பாக்கெட்டத் தடவித் தடவிப் பாத்துக்கினு இருந்தியே, அது இதானா? வேணு சொன்னாரு. ஒத்தக் கையால தொறக்கலாமாமே?"

"ஆமா."

"வாயில வெக்க வோணாமா?"

"வோணாம்."

அவள் சூடத்தை உதிர்த்து வெற்றிலைமேல் வைத்தாள்.

"அதான் வெச்சேன். பழச ஒரு வருஷமாவது வெச்சிருக்கனா? எச்சக் கத்திய சாமிகிட்ட எப்படி வெக்கிறது?"

தருமனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்பது ஆயுத பூஜையிலும் ஸ்பேனர் இருந்தது. பம்பு இருந்தது. உடைந்த சுத்தியல்கூட இருந்தது. கத்தி இருந்ததே இல்லை. பூசணியைத் துளைத்துக் குங்குமம் போடக் கத்தியை அவள் வீட்டிலிருந்து கொண்டுவருவாள். தன் கத்தியை வைக்க மறந்துவிடுகிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தான்.

இது இன்னும் நம்முடையது இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவள் சூடம் ஏற்றிவிட்டாள். கும்பிட்டான். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

சாயங்காலம் எரிக் ஆட்டோவில் வந்து இறங்கினான். முதுகில் பெரிய பை. ஆட்டோவை நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்தவன், சைக்கிள்களையெல்லாம் பார்த்துச் சிரித்தான். பிறகு வாழையிலையில் கத்தியைப் பார்த்தான்.

"தருமன், எஸ்? நோ?"

"நோ டச் சார். டுமாரோ மார்னிங்."

"டுமாரோ நான் சென்னை. ஏர்போர்ட்."

"பூஜைல வெச்சாச்சு சார். காலைல தான் எடுக்கணும்."

"ஓகே. அப்போ காசு."

தருமன் கல்லாப் பெட்டியைக் காட்டினான். அதன் நெற்றியிலும் பொட்டு இருந்தது.

"அதுவும் டுமாரோ தான் சார்."

எரிக் கத்தியைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், தருமனைப் பார்த்தான். கோபமா சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியாத முகம். டீக்கடையிலிருந்து வேணு வந்து எட்டிப் பார்த்தான்.

"எங்கிட்டயும் கேட்டுடாத தருமா. என் கல்லாவுக்கும் சந்தனம் வெச்சாச்சு. இந்தத் தெருவுல இன்னிக்கி ஒருத்தன் கையிலயும் காசு கெடையாது."

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

காசியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இந்தாய்யா, ஒண்ணே ஒண்ணு சொல்லு. இது நம்பளதா, அவருதா?"

தருமன் எரிக்கைப் பார்த்தான்.

"அவருதுன்னா இப்பவே எடுத்துக் குடுத்துட்றேன். அடுத்தவங்க பொருள வெச்சதுக்கு சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன். நம்பளதுன்னா காலைல வரைக்கும் யாரும் தொடக் கூடாது. எது?"

அவன் மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது அந்தக் கேள்வி இல்லை. விலை சரியா, பழசு போதாதா, பத்து ரூபாய்க் கத்தி ஆகாதா, லைசென்ஸ் வேண்டுமா என்றெல்லாம் கேட்டிருந்தான். ஒன்றுக்கும் பதில் கிடைக்கவில்லை. இலையைப் பார்த்தான். பம்புக்கும் சுத்தியலுக்கும் நடுவில், அவற்றோடு சேர்ந்தாற்போல் அது இருந்தது.

"நம்பளது" என்றான். சொன்ன பிறகு, யார் சொன்னது என்பதுபோல் வேணுவைத் திரும்பிப் பார்த்தான்.

காசியம்மாள் வெளியே இறங்கி நடந்தாள். வீடு இரண்டு தெரு தள்ளி. எரிக் எதுவும் புரியாமல் வாசலில் உட்கார்ந்தான். வேணு அவனுக்கு டீ கொடுத்தான். ஆட்டோக்காரருக்கும் கொடுத்தான். தருமன் நின்றுகொண்டே இருந்தான். அவள் கோபித்துக்கொண்டு போனாளா என்று யோசித்தான். போயிருந்தால் அதுவும் நியாயம்தான்.

அவள் திரும்பி வந்தபோது கையில் மஞ்சள் துணி முடிச்சு இருந்தது. சீட்டு எடுத்து அவள் வைத்திருந்தது. தோடு மாற்றப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இது கடைக் காசு இல்ல. இதுக்குப் பொட்டு வெக்கல" என்றாள். எரிக்கின் கையில் கொடுக்காமல் முடிச்சைப் பலகை ஓரத்தில் வைத்தாள். அவன் எடுத்துக்கொண்டான். எண்ணவில்லை. கூடவே பொரியும் தேங்காய் மூடியும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். எரிக் கத்தியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். சாமிக்கா கத்திக்கா என்று தெரியவில்லை. ஆட்டோ போனது.

"தோடு?" என்றான் தருமன்.

"காது எங்கயும் போவாது. பூசணிய ஒட, இருட்டுது."

"காசி, அது அவ்ளோ பெறுமா?"

"எனக்கென்னா தெரியும்? நீதான மூணு நாள் வெச்சிருந்த."

மறுநாள் விஜயதசமி. தருமன் குளித்துவிட்டு வந்து கடை திறந்தான். இலையிலிருந்து பம்பையும் ஸ்பேனரையும் எடுத்தான். கத்தியையும் எடுத்தான். முதல் பஞ்சர் பால்காரருடையது. டியூபைக் கால் விரலில் மாட்டிக்கொண்டு, கத்தியின் ஓட்டையில் பெருவிரலை வைத்துத் தள்ளினான். அசையவில்லை. அலகு திரும்புகிற திருகாணியில் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. மறுபடியும் தள்ளினான். பழக்கத்தில் கத்தியை வாய்க்குக் கொண்டுபோனான். சந்தன வாசனை அடித்தது. இறக்கிவிட்டான். பால்காரர் நேரமாகிறது என்றார். பழைய கத்தியைத் தேடி எடுத்து, பல்லால் திறந்து, ஒட்டிக் கொடுத்தான். புதுசை ஒரு டப்பாவில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டான். மத்தியானம் காசியம்மாள் சோறு கொண்டுவந்தாள். டப்பாவைப் பார்த்தாள், அதைத் தள்ளிவைத்துவிட்டுச் சோற்றை வைத்தாள். சாயங்காலம் வரை சைக்கிள்கள் வாடகைக்குப் போயின, வந்தன. ஒன்றின் பெடல் உடைந்து வந்தது.