சகலை கொடுத்த கேமரா கூடு

அவரைக் கேமரா வாங்கச் சொன்னதே நான்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. என் மனைவியின் அக்கா கணவர், அதாவது என் சகலை, சென்னையில் கணக்கர் வேலை பார்ப்பவர். ஒரு தீபாவளிக்கு எங்கள் காஞ்சிபுரம் வீட்டுக்கு வந்தபோது, "சகல, நீ வச்சிக்கினு இருக்கிற மாதிரியே எனக்கும் ஒண்ணு சொல்லுபா" என்றார். பட்டுப்புடவைக் கடைகளுக்குப் படம் எடுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. பெரிய மனசு பண்ணி, என்னுடைய அதே மாடலை, அதே லென்ஸை, எங்கே மலிவு என்பது வரைக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

மனுஷன் அதோடு நிற்கவில்லை. புதுச்சேரிக்குப் போய்க் கடலுக்கடியில் நீந்தப் பழகினார். கேமராவைத் தண்ணீருக்குள் கொண்டுபோக ஹவுசிங் என்று ஒரு கனமான கூடு வாங்கினார். ஒரு கோடை விடுமுறையில் என் மகளை அங்கே நீச்சல் குளத்தில் இறக்கிப் படம் எடுத்தார். கன்னம் உப்பி, முடி மேலே விரிந்து, கண்ணைத் திறந்துகொண்டு சிரிக்கிறாள். அன்றிலிருந்து அவள் செல்போன் முகப்பில் அந்தப் படம்தான். அவளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவன் நான். பிறந்த நாளிலிருந்து படம் எடுத்துத் தள்ளியவனும் நான். "அப்பா என்னை எடுத்தாக்கூட புடவை போட்டோ மாதிரிதான்மா இருக்குது" என்று அவள் தன் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

அதைவிட நல்ல படமாக, தண்ணீருக்குள், அவளை நான் எடுத்தே தீர வேண்டும். அந்த ஒரு வருஷம் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

என் கேமராவுக்கான கூட்டின் விலை கேமராவின் விலையையே தாண்டி நின்றது. கை வைக்க முடியாது. சரி, செல்போனைப் போடும் பிளாஸ்டிக் பை ஒன்றை வரவழைத்து வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்தேன். தண்ணீர் உள்ளே போகவில்லை. ஆனால் பை லென்ஸ் முன்னால் சுருங்கிக்கொண்டு, எடுத்ததெல்லாம் அழுத கண்ணால் பார்த்தது போல வந்தது. தீப்பெட்டி அளவு ஆக்‌ஷன் கேமரா ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கினேன். கிட்டே போனால் மூக்கு பெருத்தது, எட்டிப் போனால் ஆளே எறும்பானாள். கடைசியில் பழைய வாட்டர்ப்ரூஃப் கேமரா ஒன்று மலிவாக வந்தது. கதவு ரப்பரைத் தடவிப் பார்த்தேன், வெடித்திருந்தது. "தண்ணியில போட்டா நான் பொறுப்பு இல்லபா" என்றார் விற்க வந்தவர். பிறகு எதில் போடுவதாம்!

அடுத்த கோடையில் சகலை கூட்டோடு வந்து இறங்கினார். தென்னேரிப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் பாசனக் கிணற்றில் தண்ணீர் கண்ணாடியாக இருக்கிறது என்று என் மகளே அவருக்குப் போன் போட்டிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கிளம்புகிற காலையில் அவர் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து கேமராவைக் கூட்டுக்குள் பொருத்தினார். எங்களுடையது நெசவுக் குடும்பம். ஒரு பக்கம் என் தம்பி தறியில். இன்னொரு பக்கம் மனைவி ராட்டையில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். மேலே மின்விசிறி. எங்கள் வீட்டில் சாப்பாட்டில் முடி கிடக்காது, பட்டு இழைதான் கிடக்கும். அப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்துதான் அவர் கூட்டின் விளிம்பில் இருக்கும் ரப்பர் வளையத்தைத் துடைத்து, பசை தடவி, பதித்தார். அந்த வளையம்தான் தண்ணீரைத் தடுப்பது. அதில் ஒரு தலைமுடி மாட்டினாலும் போச்சு.

"எனக்குக் கிட்டப் பார்வை போயிடுச்சுபா. உனக்கு நெசவுக்காரன் கண்ணு. சுத்தமா இருக்குதா, நல்லாப் பாரு" என்று என்னிடம் நீட்டினார்.

பார்த்தேன். அரக்கு நிறத்தில் ஓர் இழை, வளையத்தின் குறுக்கே ஒட்டிக்கொண்டிருந்தது. தறியில் அறுந்த இழையைப் பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடிக்கிறவன் நான். அந்த நேரம் பார்த்து மகள் அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "பெரியப்பா, போன தடவையை விட சூப்பரா எடுக்கணும்" என்றாள்.

"சரியா இருக்குதுண்ணா" என்றேன்.

கிணற்றில் நாலைந்து படம்தான் எடுத்திருப்பார். கூட்டிலிருந்து குமிழி வந்தது. மேலே ஏறி அவர் திறந்தபோது தண்ணீர் கொட்டியது, கேமரா செத்துப்போயிருந்தது. வளையத்தில் இருந்த இழையை நகத்தால் எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். "பட்டுபா" என்று சிரித்தார். "நாலு கண்ணு பார்த்தும் ஏமாந்துட்டோம். நீ ஒண்ணும் மனசுல வச்சிக்காத." மகள்தான் அழுதாள்.

ஒரு மாதம் கழித்துக் கூட்டைப் பெட்டியில் வைத்து எடுத்துவந்தார். "நான் வேற மாடல் வாங்கிட்டேன், இது அதுக்குச் சேராது. உன் கேமராவுக்கு அச்சா உக்காரும். நீயே வச்சிக்கபா" என்றார். விலை கேட்டேன், அடிக்க வந்தார். மலிவான வழி தேடி ஒரு வருஷம் அலைந்த எனக்கு, கடைசியில் கூடு இப்படித்தான் வந்து சேர்ந்தது.

அதே கிணற்றில் மகளை எடுத்தேன். வாசல் தெளித்துக் கழுவிவிட்டு, தெருவில் நின்று மூடினேன் கூட்டை. தண்ணீருக்குள் தூரம் கூடக் கூடச் சிவப்பு மங்கிவிடும். உச்சி வெயிலில், கையெட்டும் தூரத்தில் எடுத்ததால் அவள் சிவப்புப் பாவாடை சிவப்பாகவே விழுந்தது. படம் அருமை. அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு முதல் வேலையாகப் பெரியப்பாவுக்கு அனுப்பினாள்.

குடும்பக் குரூப்பில் உடனே அவர் பதில் வந்தது. "நான் எடுத்ததெல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. என் சகலடா!" மகள் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, செல்போன் முகப்பில் நான் எடுத்த படத்தை மாற்றி வைத்தாள். "இப்ப சந்தோஷமாப்பா?" என்று கேட்டாள். தலையாட்டினேன்.

இப்போது அந்த மனுஷன்மேல் எனக்கு வேறொரு பொறாமை. அடுத்தவன் எடுத்த படத்தை வயிறு எரியாமல் அவரால் பாராட்ட முடிகிறது. இழையை நான் பார்த்தேன் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை. மகளிடமும் சொல்லவில்லை.