அஷ்டமியில் வந்த புல்

எங்கள் வீட்டில் செம்மண் புழுதிக்கு மட்டும் கதவு கிடையாது. பின்கட்டைத் தாண்டி மொட்டையாகக் கிடந்த தோட்டத்திலிருந்து கிளம்பும். காற்று சற்றுத் திரும்பினால் போதும். சோற்றுத் தட்டில், தலையணையில், என் மனைவியின் நெஞ்சில். அந்தப் பங்குனியில் இரண்டு முறை அவளுக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிறகு அவள் தேவகோட்டையில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். "தூசி அடங்குனதும் சொல்லுங்க, வாரேன்."

புல் விதை போட்டேன். மயில்கள் கொத்தித் தின்றன. மறுபடி போட்டேன். ஒரே ஒரு கோடை மழை மொத்தத்தையும் அரித்துக்கொண்டு போனது.

நர்சரிக்காரர்தான் சொன்னார்: "இனியும் விதைய நம்பாதீக. வளந்த புல்ல வேரும் மண்ணுமா வெட்டி, பாய் மாதிரி சுருட்டித் தாரேன். காலைல விரிச்சா சாயங்காலம் புழுதி இல்ல. மயிலு கொத்தாது, மழை அரிக்காது, களை தலைதூக்க இடமிருக்காது. ஒண்ணே ஒண்ணு, வந்த அன்னைக்கே விரிச்சுப்புடணும்."

மினி லாரி வந்த காலையில் அண்ணன் காலண்டரோடு வந்து நின்றார். தோட்டம் இருவருக்கும் பொது.

"இன்னைக்கு அஷ்டமி. நாளைக்கு நவமி. தசமியில விரிப்போம்."

"அண்ணே, இது கல்யாணம் இல்ல. புல்லு."

"புல்லுன்னா லெச்சுமி இல்லையாடா?"

சரியென்று தலையாட்டிவிட்டேன். இத்தனை வயதில், மனைவியின் மூச்சைவிட அண்ணன் முகம் எனக்குப் பெரிதாகப் பட்டது. சுருள்களைக் குவித்து, வெயில் படக்கூடாதென்று அண்ணனே தார்ப்பாய் போட்டு மூடினார். அக்கறையாகத்தான்.

தசமி விடியலில் சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, தார்ப்பாயை விலக்கினோம். குப்பைக்குழியைக் கிளறியதுபோல் முகத்தில் ஆவி அடித்தது. உள்ளே கையை விட்டேன், சுட்டது. பச்சையெல்லாம் மஞ்சளாகி, விரலில் கொழகொழவென்று ஒட்டியது. தேங்காய் மட்டும் அழகாக உடைந்திருந்தது.

"பழைய சரக்க ஏத்திவிட்டுட்டான் பய" என்றார் அண்ணன்.

"நாமதாண்ணே அவிச்சோம்!" என்று கத்தினேன். வாழ்க்கையில் முதல் முறை.

போனில் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். மூச்சு இரைக்க இரைக்கக் கேட்டாள்: "உங்க அண்ணன் நாள் பாத்தாக, சரி. எனக்கு மூச்சு முட்டுறப்ப அது எந்த நாளப் பாக்குது?"

அடுத்த லோடை நான் கேட்டு வாங்கிய நேரம் திங்கட்கிழமை காலை எட்டு மணி. சுத்த ராகு காலம். அண்ணன் அடுப்படி வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கொத்திச் சமன்படுத்திய மண்ணை நனைத்து, செங்கல் அடுக்குவதுபோல் மூட்டு மாற்றி மாற்றி, இடைவெளி இல்லாமல் நர்சரிக்காரரும் நானும் விரித்தோம். பலகை போட்டு மிதித்தோம். மண் குழையக் குழையத் தண்ணீர் விட்டோம். சாயங்காலம் காற்று வந்தது. ஒரு துளி சிவப்பு எழவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு மூலையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை, வேர் பிடித்துவிட்டது. அன்றே அவளைக் கூட்டி வந்தேன்.

இப்போது அண்ணன் தினமும் அதில் வெறுங்காலோடு நடக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்களிடம், "தசமியில வச்சது, அதான் இப்புடிப் புடிச்சிருக்கு" என்கிறார். எனக்கு உச்சந்தலை வரை பற்றி எரிகிறது. பக்கத்தில் நிற்கும் அவளோ வாய்விட்டுச் சிரிக்கிறாள். நீளமாக, இருமாமல்.