பென்சில் அர்த்தங்களும் ஒரு கேள்விக்குறியும்

ரப்பர் தூள் வாசனை... அதுவும் வியர்த்த உள்ளங்கையில் ஒட்டிக்கொண்ட ரப்பர் தூள்.

தாம்பரத்தில் எலெக்ட்ரிக் டிரெயின் ஏறி குரோம்பேட்டையில் இறங்குவதற்குள், லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் உட்கார்ந்து, எழுதியதை அழித்து, அழித்ததை மறுபடி எழுதி... என் முதல் வேலையை நினைத்தால் எனக்கு அந்த வாசனைதான் முதலில் வருகிறது.

நான் சேர்ந்தது கணக்கு டீச்சராக. குரோம்பேட்டையில் ஒரு இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல், முதல் வருஷம் புரொபேஷன். ஒன்பதாம் வகுப்பு இங்கிலீஷ் மிஸ் பிரசவ லீவில் போனதும் ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் கூப்பிட்டார்.

"யூ ஸ்டடீட் இன் இங்கிலீஷ் மீடியம், நோ?"

ப்ளஸ் டூ வரை குன்றத்தூரில் தமிழ் மீடியத்தில் படித்தவள் நான். ஆனாலும் தலையை ஆட்டிவிட்டேன். அப்பாவுக்கு வேலை போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. புரொபேஷனில் இருப்பவள் முடியாது என்று சொன்னால் அடுத்த ஜூனில் அவளுக்கு நாற்காலி இருக்காது, அவ்வளவுதான்.

பாடம், ஒரு பழைய ஆங்கில மேடை நாடகம். ராஜா, மந்திரி, சதி, வாள்... வரிக்கு நாலு வார்த்தை எனக்குத் தெரியாது.

தினமும் காலையில் எழுந்து அகராதியைப் பிரிப்பேன். ஒவ்வொரு சொல்லின் தலைமேலும் பொடி எழுத்தில் தமிழ் அர்த்தம், பென்சிலில். டிரெயினில் அதையே மனப்பாடம். என் புத்தகத்தில் ராஜாவும் மந்திரியும் இங்கிலீஷில் சண்டை போட, மேலே தமிழில் டப்பிங் ஓடிக்கொண்டிருக்கும்!

அந்த அகராதி யாரோ கொடுத்த பழசு. கடைசி நாற்பது பக்கம் கிழிந்துபோய், 'யூ'வில் ஆரம்பிக்கும் சொற்களும் அதற்குப் பிறகு வருகிற எதுவும் அதில் கிடையாது. அதனால் 'யூசர்ப்பர்' என்ற ஒரு சொல்லின் மேல் மட்டும் கேள்விக்குறி போட்டு வைத்திருந்தேன். ஸ்டாஃப் ரூமில் கேட்டிருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள். கேட்டால் குட்டு உடைந்துவிடுமே என்று பயம்.

வெள்ளிக்கிழமைதான் ஹெட்மிஸ்ட்ரஸ் வகுப்புக்கு வந்து பார்க்கும் அப்சர்வேஷன் என்று சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு மட்டும் ஒரு பையனிடம் சுத்தமான புத்தகம் வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டார்.

அவருக்கு ஒரு வழக்கம். வகுப்புக்குள் வந்ததும் டீச்சர் கையிலிருக்கும் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய்க் கடைசி பெஞ்சில் உட்காருவார். என் கையிலிருந்ததையும் வாங்கிக்கொண்டு போனார். பென்சில் தமிழோடு... கேள்விக்குறியோடு...

வெறுங்கையோடு போர்டு முன்னால் நின்றேன். ஆனால் வாயைத் திறந்ததும் வசனம் வந்தது. வார்த்தை வார்த்தையாக உருப்போட்டதில், மொத்தக் காட்சியும் எனக்குள் ஏறியிருந்தது. புத்தகமில்லாமல் இரண்டு பக்கம் ஓட்டினேன். கடைசி பெஞ்சில் பக்கம் திரும்பும் சத்தம் மட்டும் கேட்டது.

அப்போது முதல் பெஞ்ச் ஹேமா எழுந்தாள். அஸ்தினாபுரத்திலிருந்து வரும் பெண். சந்தேகம் கேட்காவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

"மிஸ், வாட் டஸ் யூசர்ப்பர் மீன், மிஸ்?"

எல்லா டீச்சரும் செய்வதைச் செய்தேன். "குட் கொஸ்டின்! ஹூ வில் டெல்?"

ஒரு கையும் உயரவில்லை. ஃபேன் சுற்றுகிறது. நாற்பது முகம் என்னையே பார்க்கிறது. ஹெட்மிஸ்ட்ரஸும் நிமிர்ந்து பார்க்கிறார்.

"எனக்கும் தெரியலம்மா. பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்."

தமிழ் பேசக்கூடாத வகுப்பில், அதுவும் அவர் எதிரிலேயே, தமிழில் சொல்லிவிட்டேன். பெல் அடித்தது. அவர் எழுந்து போனார். புத்தகமும் கூடவே போனது.

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. வீட்டில் எப்படிச் சொல்வது என்றுதான் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் ஆபீஸ் ஆயா ஒரு பிரவுன் கவரோடு வந்தார்.

"மிஸ்ஸு, பெரிய மேடம் இத்த உன்கைல குடுக்க சொன்னாங்க."

"வேற எதாவது சொன்னாங்களாம்மா?"

"ஒண்ணியும் சொல்லல. இன்னா, மூஞ்செல்லாம் வேர்த்துகினு கீது?"

கவர் ஒட்டியிருந்தது. உள்ளே புத்தகத்தோடு, வேலையை விட்டு நிறுத்தும் கடிதமும் இருக்கும் என்று முடிவே கட்டிவிட்டேன். டிரெயினில் மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தேன். சானடோரியம் ஸ்டேஷன் தாண்டிய பிறகுதான் பிரித்தேன்.

கடிதம் இல்லை. புத்தகம் மட்டும்.

அந்தப் பக்கத்தைத் தேடினேன். என் கேள்விக்குறிக்குப் பக்கத்தில் பச்சை மையில், தமிழில், குண்டு குண்டாக, இரட்டைக்கோடு நோட்டில் எழுதிப் பழகிய கையெழுத்து:

'உரிமையில்லாத இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டவர்.'

எனக்குப் பகீரென்றது. அந்த வகுப்பில் நின்ற ஒவ்வொரு நாளும் என்னைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தானே! என்னைத்தான் சொல்கிறாரோ? அதன் கீழே இன்னொரு வரி இருந்தது.

'கேட்டிருக்கலாமே.'

தாம்பரம் வந்து எல்லோரும் இறங்கிய பிறகும் நான் உட்கார்ந்தே இருந்தேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு இப்போது வெட்கமில்லை.

அவர் அதைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. ஜூனில் வேலை நிரந்தரம் என்று ஆர்டர் வந்தது. கையெழுத்து, அதே பச்சை மை.

இன்றைக்கு என் வகுப்பில் ஸ்மார்ட் போர்டு இருக்கிறது. எந்தச் சொல்லைத் தொட்டாலும் அர்த்தம் குதித்து வருகிறது, கூடவே படமும். யாரும் எதற்கும் பயப்பட வேண்டியதில்லை. நல்லதுதான். ஆனாலும் புது பாடம் எடுக்கும்போதெல்லாம் என் விரல் மட்டும் பென்சிலைத் தேடுகிறது...

போன மாதம் பழைய ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்பில் அவர் காலமான செய்தி வந்தது. புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பென்சில் எல்லாம் மங்கிவிட்டது. பச்சை மை அப்படியே இருக்கிறது.

அந்தத் தமிழ்க் கையெழுத்து அவருக்கு எங்கிருந்து வந்தது, அவர் எந்த மீடியத்தில் படித்தார், யாருக்குப் பயந்து எந்த டிரெயினில் எதை மனப்பாடம் செய்தார்... பதினோரு வருஷம் அவர் கீழே வேலை பார்த்தும் நான் கேட்டதே இல்லை.

கேட்டிருக்கலாம்.