காது குறைந்த கிடா

அந்தக் காதை வெட்டியது நான்தான். விரல் நுனியளவு. கத்தியைக் கொதிநீரில் போட்டெடுத்து, வெட்டிய இடத்தில் மஞ்சள் அப்பி, கிடாவிடம் மன்னிப்பும் கேட்டேன். என் அண்ணனை நான் காக்கா என்பேன்; அவரிடம் கேட்கவில்லை. இன்றும் கேட்கமாட்டேன்.

ஆடுகள் எங்கள் இருவருக்கும் பொது. உம்மா விட்டுப்போன குட்டையான நாட்டுப் பெட்டைகள். அவற்றோடு சேர்க்க காக்கா ஒரு ஜமுனாபாரிக் கிடா வாங்கிவந்தார். ஆளின் இடுப்புயரம், தொங்கிப் புரளும் காது, ராசாவின் நடை. கல்முனை மாரிமழை ராசாவுக்கு இரங்குமா? சுவரில் வேர்த்து, துணியில் பூஞ்சணமாய்ப் பூக்கும் ஈரம் அதன் நெஞ்சிலும் ஏறியது. இருமி இருமிச் செத்தது. அதன் குட்டிகளும் குளம்பழுகி ஒவ்வொன்றாய்ப் போயின. ஒன்று மட்டும் நின்றது. தகப்பனின் உயரம், தாயின் இறுகிய கறுத்த குளம்பு. இரண்டு மாரியை மிதித்துக் கடந்த கிடா. தாயைத் தவிர்த்து மற்றப் பெட்டைகளோடு சேர்த்தால், இந்த ஈரத்திலும் பிழைக்கும் ஒரு வர்க்கம் எழும்பும். அந்த நினைப்பிலேயே பைத்தியமாய்த் திரிந்தேன்.

காக்காவோ ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அதை விற்க ஆள் பேசிவிட்டார்.

"கிடா குர்பானுக்குப் போகுது, புள்ள."

"தப்பினது அது ஒண்டுதான் காக்கா. அதையும் அறுத்துப்போட்டு என்னத்த வளக்கிற?"

"நீ கவித எழுது. ஆட்ட நான் பாக்கன்."

காது குறைந்த ஆட்டைக் குர்பானாகப் பலி கொடுக்கக் கூடாது. அதனால்தான் வெட்டினேன். மறுநாள் வாங்க வந்தவர் காதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மோட்டார் சைக்கிளைத் திருப்பினார்.

காக்கா தெருவுக்கே கேட்கக் கத்தினார். "பெருநாள் ஆட்ட நாசமாக்கிட்டு நிக்கிறியே, வெக்கமில்லையா? ஆட்டப் பிரி! உன்ட மாப்பிள்ளக் கிடாவ நீயே வச்சிக்க. பெட்டையெல்லாம் எனக்கு!"

"ஓம், கொண்டுபோங்க!"

வாய் முந்திவிட்டது. பெட்டையில்லாமல் கிடாவை வைத்து நான் என்ன செய்ய?

ஒன்பது பெட்டைகளும் அடுத்த வளவுக்குப் போயின. அவற்றுக்கென்று அவர் இன்னொரு வெளியூர்க் கிடா கொண்டுவந்தார். முதல் மழைக்கே அது இருமத் தொடங்கியது. வேலிக்கு இப்பால் கேட்டுக்கொண்டிருந்தேன். சந்தோசமாய்த்தான் இருந்தது.

அந்தக் கிழமையே ஒரு காலையில், பருவத்துக்கு வந்து கத்தும் பெட்டையொன்றைக் கயிற்றில் பிடித்தபடி காக்கா என் படலையில் நின்றார். கண் என்மேல் இல்லை.

"இதச் சேத்துவிடு."

கயிற்றை வாங்கினேன். பெட்டையை உள்ளே விட்டு, படலையைச் சாத்திக் கொளுவியைப் போட்டேன். வெளியே அவர் மழைக்குள் நின்றார். வீட்டில் குடை இருந்தது. கொடுக்கவில்லை.