கிணற்றுக்குள் போன திறப்பு

"வீழ்படிவுத் தாங்கியினுள் எவரேனும் இறங்குமுன் கலக்கியின் மின்னாளியை நிறுத்திப் பூட்டுதல் வேண்டும். திறப்பு, இறங்குபவரிடமே இருத்தல் வேண்டும். அவர் வெளியேறும்வரை தாங்கியின் வாயில் ஒருவர் காவல் நிற்றல் வேண்டும்."

அப்பா வேலை பார்த்த மணல் தொழிற்சாலையின் ஏழாவது பாதுகாப்பு விதி இது. பச்சைத் தகரத்தில் வெள்ளை எழுத்தில் எழுதி, மின்னாளி என்ற சுவிச்சுக்கு நேர் மேலே அறைந்திருந்தார்கள். அரசாங்க அலுவலகமான கச்சேரியில் வேலை பார்த்த காலமெல்லாம் நிதிப் பிரமாணம், தாபனக் கோவை, சுற்றறிக்கை, சுற்றறிக்கையை ரத்துச் செய்யும் சுற்றறிக்கை என்று படித்தே கண்ணாடியின் தடிப்பைக் கூட்டிக்கொண்டவள் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், இதைவிடத் திருத்தமாக எழுதப்பட்ட விதியை நான் கண்டதில்லை. ஒரு சொல்லும் மிகை இல்லை. அதைக் கைக்கொள்ள ஒரேயொரு பொருள்தான் தேவைப்பட்டது. அது ஒரு பூட்டு. தொழிற்சாலையில் அது மட்டும்தான் இருக்கவில்லை.

நாயாற்றுக்கு அருகே கடல் ஒதுக்கும் கறுப்பு மணலை அங்கே கொண்டுவந்து அமிலத்தில் ஊற வைப்பார்கள். மணலில் இருக்கும் இரும்பு கரைந்து பச்சைத் தண்ணீராக இறங்கும். அதைப் பெரிய தாங்கி ஒன்றில் விட்டு, சுண்ணாம்புப் பாலைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் இரும்பு செங்காவிச் சேறாக அடியில் விழும். புத்தகம் அதை வீழ்படிவு என்றது. வேலைக்காரர் மண்டி என்றார்கள். சுண்ணாம்புப் பால் விடுவதுதான் அப்பாவின் வேலை. அவசரப்பட்டால் தாங்கி பொங்கித் துப்பும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அதற்கு முதுகு காட்டி நின்று, கோப்பிக்குப் பால் விடுகிற நிதானத்தில் விட வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்துக் குடியேறி, நெல்லும் சரிவராமல் அந்த வேலைக்குப் போனவர் அப்பா. நெல்லில் இல்லாத பொறுமை அவருக்கு மண்டியில் இருந்தது.

தாங்கிக்கு நடுவில் இரும்புத் துடுப்புகள் கொண்ட கலக்கி ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். எல்லோரும் அதை மத்து என்பார்கள். மண்டி இருக்கும்போது மத்து நின்றால் சேறு செங்கல்லாக இறுகித் துடுப்பை உடைத்துவிடும். அதனால் நின்ற மத்தைக் கண்டால் எவராயினும் ஓடிப்போய் ஆளியைப் போட்டுவிடுவார். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே நல்ல வேலைக்காரனுக்கு அதுதான் அடையாளம்.

மாதத்தில் ஒரு நாள் தாங்கியை வடித்துவிட்டு, சுவரில் ஒட்டிய மண்டியைச் சுரண்ட ஒருவர் உள்ளே இறங்க வேண்டும். அந்த ஒருவர் அப்பா. வீட்டில் அந்த நாளுக்குத் 'தாங்கி நாள்' என்று பெயர்.

அப்படியொரு தாங்கி நாளில், அது வெள்ளிக்கிழமை, இயந்திர அறையைப் பார்த்துக்கொண்ட முல்லைத்தீவு நானா தொழுகை முடித்துத் திரும்பி வந்தார். மத்து நிற்பதைக் கண்டார். நல்ல வேலைக்காரர். ஓடிப்போய் ஆளியைப் போட்டார். அப்பாவின் ஒரு கால் அதிர்ஷ்டவசமாக ஏணியில் இருந்தது. மற்றக் காலின் குதிகால் சதையைத் துடுப்பு கொண்டு போனது.

நானாதான் அப்பாவைச் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு வந்தார். எங்கள் முற்றத்தில் குந்தியிருந்து, பெரிய உடம்பு குலுங்க அழுதார். அம்மா அவருக்குப் பிளேன்ரீ கொடுத்தாள். காலுக்கு மருந்து கட்டினாள். பிறகு அப்பாவிடம் அந்தப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். அப்பா பாடமாகச் சொன்னார்.

"அப்ப பூட்டு எங்க?"

"கேட்டிருக்கினம்."

"ஆரிட்ட?"

"கொழும்பில."

கொழும்பு எவ்வளவு தூரம் என்பது அம்மாவுக்குத் தெரியும்.

அடுத்த தாங்கி நாள் விடியற்காலையில் எங்கள் வீட்டு வாசற்கதவின் ஆமைப்பூட்டை அம்மா கழற்றினாள். யாழ்ப்பாணத்திலிருந்து லொறியில் வந்த சாமான்களில் பளபளப்பு மாறாமல் வந்து சேர்ந்தது அந்தப் பித்தளைப் பூட்டு ஒன்றுதான். அதற்கு இரண்டு திறப்புகள். ஒன்றை அப்பாவின் அரைஞாண் கயிற்றில் கோத்து முடிந்தாள். தாங்கிக்குள் இறங்குபவர் கோவணத்தோடு இறங்குவார், அவருக்குச் சட்டைப்பை இல்லை. விதி எழுதியவர்கள் யோசிக்காதது அது ஒன்றுதான். மற்றத் திறப்பை எடுத்துக்கொண்டு நேரே கிணற்றடிக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். அவள் கையை நீட்டி விரல்களை விரித்தாள். கீழே தண்ணீரில் 'டொப்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

எரிந்த தீக்குச்சியைக்கூட அடுத்த அடுப்புக்குத் தீ மாற்ற எடுத்து வைக்கிற அம்மா அவள். ஏன் போட்டாய் என்று கேட்டேன்.

"ஒரு ஆளுக்கு ஒரு திறப்புக் காணும்," என்றாள்.

எனக்கு அப்போது மூன்றாம் வகுப்பு. என் கணக்குப்படி எங்கள் வீட்டில் மூன்று ஆட்கள் இருந்தோம்.

அதன் பிறகு தாங்கி நாள்தோறும் எங்கள் வீடு ஊருக்குத் திறந்துவிடப்பட்டது. அம்மா கதவை ஒரு தும்புக் கயிற்றால் கட்டிவிட்டு, அப்பாவுக்குச் சோறு கொண்டுபோவாள். கயிறு மனிதர்களைத் தடுத்தது, ஆடுகளை அல்ல. பக்கத்து வளவு ஆடுகள் உள்ளே புகுந்து, என் தமிழ் வாசிப்புப் புத்தகத்தை முன்னட்டையிலிருந்து குதிரைப் பாடம் வரை தின்றுவிட்டன. ஆடு தின்றது என்று பள்ளிக்கூடத்தில் உண்மையைச் சொன்னேன். பொய் சொன்னதற்காக வெயிலில் நிறுத்தினார்கள். அன்று முதல் அந்தப் பூட்டை எனக்குப் பிடிக்காது.

தொழிற்சாலைக்கும் பிடிக்கவில்லை. மனேச்சரிடமிருந்து அப்பாவுக்கு ஒரு கடிதம் வந்தது. நிறுவன இயந்திரத்தின் மீது தனியார் சொத்தை அனுமதியின்றிப் பொருத்தியமைக்கு விளக்கம் கோரும் கடிதம். பலகையில் எழுதிய விதியை மீறலாம், அதைக் கைக்கொள்ளப் பூட்டுத் தொங்கவிட முடியாது. பின்னாளில் நானே அப்படி எத்தனையோ கடிதங்களை எழுதியிருக்கிறேன், அதனால் அந்த நடையின் அழகை இப்போது ரசிக்க முடிகிறது.

அப்பா பயந்த சுபாவம். பூட்டைக் கழற்றிவிடுகிறேன் என்றார்.

"பூட்டைக் கழட்டாதேங்கோ," என்றாள் அம்மா. "கடிதத்துக்கு மறுமொழி எழுதுங்கோ. நீங்கள் பூட்டு ஒண்டு தாங்கோ, நாங்கள் எங்கடையைக் கொண்டுபோறம் எண்டு எழுதுங்கோ."

அப்பா அவ்வாறே எழுதினார். மனேச்சர் அதைக் கொழும்புக்கு அனுப்பினார். பூட்டு தாங்கி நாள்தோறும் மின்னாளியிலேயே தொங்கியது.

அந்த வருடம் கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர் ஒருவர் விருந்தினர்களோடு தொழிற்சாலையைப் பார்க்க வந்தார். அட்டவணைப்படி தாங்கித் துப்புரவு முதல்நாளே முடிந்திருக்க வேண்டும். வடிப்புக் குழாய் அடைத்துக்கொண்டதால் ஒரு நாள் பிந்திவிட்டது. இதை அப்பாவும், தாங்கி வாயில் காவல் நின்றவரும் அறிவார்கள். மனேச்சர் அட்டவணையை அறிவார்.

எங்கள் பக்கத்தில் பெரிய மனிதர் வந்தால் நிறைகுடம் வைத்து மாலை போட்டு வரவேற்காமல் விடமாட்டோம். வீடு எரிந்துகொண்டிருந்தாலும் முதலில் மாலை. காவல் நின்றவர் நல்ல உயரமான ஆள், வெள்ளை வேட்டியும் வைத்திருந்தார். மாலை போட அவரை வெளிவாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய், அங்கேயே நிறுத்திவிட்டார்கள். தாங்கியின் வாயில் ஒருவருமில்லை.

அம்மாவும் நானும் சோற்றுப் பாத்திரத்தோடு போய்ச் சேர்ந்தபோது பெரியவர் கழுத்தில் மாலையோடு மின்னாளியின் முன்னே நின்றார். விருந்தினர்களுக்கு மத்துச் சுற்றுவதைக் காட்ட வேண்டும். ஆளியில் எங்கள் வீட்டுப் பூட்டு மினுங்கியது. பக்கத்தில் மனேச்சர் வியர்த்துக்கொண்டிருந்தார். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு, அவர்களுக்கு நடுவால் புகுந்து, ஆளிக்கு முதுகைக் கொடுத்து நின்றாள்.

"நீர் ஆர்?" என்றார் பெரியவர்.

அம்மா சொன்னாள். தன் புருசன் உள்ளே நிற்கிறார் என்றும் சொன்னாள்.

"துப்புரவு நேற்றே முடிஞ்சுதெண்டு மனேச்சர் சொல்லுறார். உள்ளுக்கு ஆருமில்லை."

"திறப்பு வெளியில இல்லை ஐயா. அப்ப ஆள் உள்ளுக்குத்தான்."

தாங்கி கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ஆனால் மின்பிறப்பாக்கியின் இரைச்சலில் கூப்பிட்டால் கேட்காது. ஏணியில் ஏறி எட்டிப் பார்த்திருந்தால் விடயம் முடிந்திருக்கும். ஏணி முழுவதும் செங்காவி மண்டி. வந்தவர்கள் எல்லோரும் வெள்ளை உடுப்பு. அம்மாவோ அந்த ஆளியை விட்டு ஒரு அடி நகர மாட்டாள்.

பூட்டென்றால் இரண்டு திறப்பு இருக்கும், மற்றதைக் கொண்டுவரச் சொல்லும் என்று பெரியவர் மனேச்சரிடம் சொன்னார். மறுமொழி அம்மாவிடமிருந்து வந்தது.

"அது கிணத்துக்கை ஐயா."

விருந்தினர் ஒருவர் சிரித்தார். பெரியவருக்கு முகம் சிவந்தது. நானாவைக் கூப்பிட்டு, பூட்டை உடையும் என்றார். நானா பூட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். இந்தச் சுத்தியல் காணாது ஐயா, பெரிய சுத்தியல் எடுத்துக்கொண்டு வாறன் என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு அவரைக் காணவில்லை. பெரிய சுத்தியல் அவர் கையில்தான் இருந்தது.

பெரியவர் வேறு ஆளைக் கூப்பிட வாயெடுத்தபோது அம்மா பேசினாள். உரத்துப் பேசவில்லை.

"ஐயா, இது கொம்பனிப் பூட்டில்லை. என்ர வீட்டு வாசல் பூட்டு. மனேச்சர் ஐயாவே கடிதத்தில எழுதியிருக்கிறார், தனியார் சொத்தெண்டு. வீட்டுப் பூட்டை உடைக்கிறதெண்டால் முல்லைத்தீவுப் பொலிஸில சொல்லிப்போட்டு வந்து உடையுங்கோ."

பெரியவர் மனேச்சரைப் பார்த்தார். மனேச்சர் தலையை ஆட்டினார். கடிதம் எழுதியது உண்மைதான். நிறுவனப் பூட்டாக இருந்திருந்தால் ஒரு வார்த்தையில் உடைத்திருக்கலாம். ஒரு குடியானவளின் கதவுப் பூட்டை விருந்தினர்களுக்கு முன்னால் உடைப்பதற்கு எந்தப் பிரமாணத்திலும் இடமில்லை. நான் பிறகு தேடியும் பார்த்திருக்கிறேன்.

அம்மாவின் கை என் மணிக்கட்டை எலும்பு நோக இறுக்கியது. கோபம் என்று நினைத்தேன். மாலை போட்ட மனிதருக்கு முன்னால், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் தகப்பன்மாருக்கு முன்னால், ஒரு பூட்டுக்காக அம்மா சண்டை பிடிக்கிறாளே என்று எனக்கு வெட்கம் தாங்கவில்லை. அப்பா எந்த நேரமும் தாங்கிப் பக்கத்தில்தான் இருப்பார். அவர் அங்கே இருப்பதில் எனக்கு என்ன புதினம்? பூட்டைக் கொடுத்துவிடம்மா என்று அழுதேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போது தாங்கியின் வாயிலிருந்து ஒரு சிவப்புத் தலை வெளியே வந்தது. பிறகு சிவப்புத் தோள். அப்பா ஏணியால் இறங்கி, தலையிலிருந்து கால்வரை செங்காவி வடிய, நொண்டிக்கொண்டு வந்தார். இத்தனை வெள்ளை உடுப்பைக் கண்டு கூசிப்போய், கைகளால் உடம்பை மறைக்கப் பார்த்தார். விருந்தினர் சிரித்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. பெரியவர் கழுத்து மாலையைக் கழற்றினார்.

அப்பா அரைஞாணிலிருந்து திறப்பை அவிழ்த்துப் பூட்டைத் திறந்தார். பூட்டை அம்மாவிடம் நீட்டினார். அம்மா அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, சோறு ஆறுது, கழுவிப்போட்டு வாங்கோ என்றாள். அதன் பிறகுதான் நிலத்தில் குந்திவிட்டாள். வெயில் என்று நினைத்தேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் நான் அவளை விட்டு முன்னால் தனியே நடந்தேன். அவளும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அப்பாவின் கடிதத்துக்கு மறுமொழி நான் பத்தாம் வகுப்புக்கு வந்த பிறகு வந்தது. அத்தனை காலமும் எங்கள் வீட்டுப் பூட்டுத்தான் மத்துக்குப் பூட்டு. கடிதம் ஆங்கிலத்தில் இருந்ததால் அம்மாவுக்கு நான் வாசித்துச் சொன்னேன். தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது. பூட்டு ஒன்று வழங்க அனுமதிக்கப்படுகிறது. தனியார் பூட்டு உடனடியாக அகற்றப்படல் வேண்டும். புதிய பூட்டின் ஒரு திறப்பு தாங்கியினுள் இறங்குபவரிடம் கையளிக்கப்படும்.

"மற்றத் திறப்பு?" என்றாள் அம்மா.

அடுத்த வரியில் அது இருந்தது. "மனேச்சற்ர மேசை லாச்சியில," என்றேன்.

அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"மறுமொழி எழுது. அதையும் கிணத்துக்கை போடச் சொல்லி."

பேனாவைத் திறந்தேன். எழுதத் தொடங்கவில்லை. மூன்றாம் வகுப்பில் கேட்ட அந்த 'டொப்' என்ற சத்தம் அப்போதுதான் எனக்குள் அடிமட்டம் வரை போய்ச் சேர்ந்தது. என்னையறியாமல் மணிக்கட்டைத் தடவிக்கொண்டேன்.

அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்த தபாற்காரர் எங்கள் வாசலில் நின்று மணியடிக்கவில்லை. கயிறு அவிழ்ந்து கதவு விரியத் திறந்திருந்ததால் நேரே உள்ளே வந்து கடிதத்தைத் தந்துவிட்டுப் போனார். அன்று பங்குனி ஒன்பதாம் திகதி, திங்கட்கிழமை, தாங்கி நாள். எங்கள் வாசற்பூட்டு மின்னாளியில் தொங்கியது, அதன் ஒரே திறப்பு தாங்கிக்குள் அப்பாவின் அரையில் இருந்தது.