வேலிக்குள் அடைபட்ட மலைமாடுகள்

தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் ஐந்து நாள் பயிற்சி. தண்ணீர், மேய்ச்சல், காடு இவற்றால் ஊர்களில் வரும் தகராறுகளை எப்படிப் பேசித் தீர்ப்பது என்பதுதான் பாடம். நான் வேலை பார்த்த தொண்டு நிறுவனம் அனுப்பியிருந்தது. மூன்றாம் நாள் எங்களை இரண்டு கட்சியாகப் பிரித்து நடிக்கச் சொன்னார்கள். நான் நடுவர். சண்டைக்காரர்களாக நடித்த இருவரும் கால்மணி நேரத்தில் சமாதானமாகிவிட்டார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

மூன்று வாரம் கழித்து, பங்குனி வெயில் கொளுத்திய ஒரு மதியம், எங்கள் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். சின்னமனூரைத் தாண்டி ஒரு கிராமத்தில், வாழை போட்டிருந்தவர் தன் தோட்டத்தில் புகுந்த மலைமாடுகளைக் கம்பிவேலிக்குள் அடைத்துவிட்டாராம். மாட்டுக்காரம்மா வேலி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாராம். இரண்டு பக்கமும் ஆள் சேர்கிறது.

"நீங்கதான் ட்ரெய்னிங் போய்ட்டு வந்தவுக. கைகலப்பாகுறதுக்குள்ள போய்ப் பாருங்க" என்றார்.

ஸ்கூட்டரில் போகும்போதே பயம் வந்துவிட்டது. பயிற்சியில் நான் தீர்த்து வைத்த சண்டையில் யார் கையிலும் கம்பு இல்லை. இங்கே இருக்கும். நான் சொல்லும் ஒரு சொல் தப்பாகப் போய் யார் மண்டையாவது உடைந்தால்? வழியில் இரண்டு முறை வண்டியை நிறுத்தித் தண்ணீர் குடித்தேன்.

தோட்டத்தில் முப்பது பேருக்குமேல் நின்றார்கள். வாழைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். மிதிபட்டுக் கிழிந்த சொட்டுநீர்க் குழாயை என் முகத்துக்கு நேரே நீட்டினார். கடித்துத் துப்பிய வாழைக்கன்றுகள் வரிசையாகக் கிடந்தன. மாட்டுக்காரம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். புருஷன் போன பிறகு அந்தப் பதினாறு மாடுகளை ஒற்றை ஆளாக மேய்ப்பவர். என்னைப் பார்த்ததும் எழுந்துகூட நிற்கவில்லை.

கற்றுக்கொடுத்தபடி ஆரம்பித்தேன். எல்லோரையும் வட்டமாக உட்காரச் சொன்னேன். ஒருவர் பேசி முடித்த பிறகுதான் மற்றவர் பேசவேண்டும் என்றேன். சார்ட் பேப்பரை விரித்தேன்.

"பள்ளிக்கூடமா நடத்துறீக?" என்று யாரோ கேட்க, கூட்டம் சிரித்தது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பதற்றத்தில் நான் முதலில் மாட்டுக்காரம்மாவைப் பேசச் சொல்லிவிட்டேன். வாழைக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது.

"நட்டம் எனக்கு. கேக்குறது அவுகளையா? முடிவு பண்ணிட்டுத்தான வந்திருக்கீக? கெளம்புங்க மேடம். போலீசு வரட்டும்."

அவர் சொன்னதில் பாதி உண்மை. வரும்போதே என் மனசு அந்த அம்மா பக்கம்தான் சாய்ந்திருந்தது. பின்னால் இரண்டு இளவட்டங்கள் ஒருவரை ஒருவர் நெஞ்சில் கைவைத்துத் தள்ளத் தொடங்கியிருந்தார்கள்.

அப்போது வேலிக்குள் ஒரு செவலைப் பசு காலை மடக்கிப் படுத்தது. நிறைசினை. வாயில் நுரை தள்ளியது. மாட்டுக்காரம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு வாழைக்காரரைப் பார்த்துக் கத்தினார்.

"காலையிலருந்து ஒரு சொட்டுத் தண்ணி இல்ல தம்பி. அது செத்துச்சுன்னா ரெண்டு உசுரு!"

அந்தப் பசு செத்தால் இன்று இங்கே என்ன நடக்கும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. சார்ட் பேப்பரை அப்படியே விட்டுவிட்டு வாழைக்காரரிடம் போனேன்.

"உங்க நட்டத்தைப் பேசாம நான் இந்த எடத்தவிட்டுப் போகமாட்டேன்ணே. நாளைக்கு வரைக்கும்கூட இருக்கேன். இப்ப மோட்டார மட்டும் போடுங்க. மாடு தண்ணி குடிக்கட்டும்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. பசுவைப் பார்த்தார். பிறகு மோட்டார் கொட்டகைக்குள் போனார். தொட்டியில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டதும் மற்ற மாடுகள் முண்டியடித்தன. படுத்திருந்த பசுவுக்கு அவரே வாளியில் கொண்டுவந்து வைத்தார். தள்ளிக்கொண்டிருந்த இளவட்டங்களும் அது குடிப்பதைப் பார்க்க வேலியோரம் வந்து நின்றார்கள்.

பிறகு யாரையும் உட்காரச் சொல்லவில்லை. முதலில் வாழைக்காரரோடு வரிசை வரிசையாகப் போய்ச் சேதத்தைப் பார்த்தேன். அதன்பின் மாட்டுக்காரம்மாவிடம் மாடு எந்த வழியாக வந்தது என்று கேட்டேன். "வாங்க, காட்டுறேன்" என்று முன்னால் நடந்தார். வாழைக்காரரும் கூடவே வந்தார்.

"மொதல்ல மாட்ட வாய்க்கால்ல எறக்கித் தண்ணி காட்டுவேன். இப்ப எங்கன எறக்குறது? நீங்களே பாருங்க."

வாய்க்காலின் இரண்டு கரையிலும் போன வருடம் சிமெண்ட் போட்டிருந்தார்கள். மாடு கால் வைக்க முடியாத செங்குத்து. காட்டுக்குள்ளும் வனத்துறையினர் விடமாட்டேன் என்கிறார்கள். தண்ணீருக்குக் கண்மாய் ஒன்றுதான் மிச்சம். கண்மாய்க்குப் போகும் வழியில் குறுக்கே இருந்தது அந்த வாழைத் தோட்டம்.

வாழைக்காரர் கரையில் குத்தவைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "தெனம் இந்த வழியாத்தான் போறேன். எனக்கு இது தோணல ஆத்தா" என்றார்.

பொழுது சாய்வதற்குள் பேசி முடித்தோம். தோட்டத்தின் கிழக்கு ஓரமாக இரண்டு மாடு சேர்ந்து போகிற அகலத்துக்கு அவர் வழி விடுவது. சேதத்துக்கு ஈடாக, அவருடைய பக்கத்து நெல்வயலில் பத்து நாள் இரவில் மாடுகளை அடைத்துக் கிடை போட்டு எருவாக்கித் தருவது. வாய்க்காலில் மாடு இறங்கச் சரிவு வைத்துத் தரச்சொல்லி இருவரும் சேர்ந்து பொதுப்பணித்துறைக்கு மனு கொடுப்பது. நான் எழுதி வாசித்துக் காட்டியதும் வாழைக்காரரே வேலியைத் திறந்து மாடுகளை விட்டார்.

அதற்குப் பிறகு பல வாரம், போன் அடித்தாலே அந்தத் தோட்டம்தான் என்று நெஞ்சு திக்கென்றது. இரண்டு முறை அப்படியே ஆனது. ஒரு கன்றுக்குட்டி வழி தவறி உள்ளே போய்விட்டது. இன்னொரு தடவை வாழைக்காரர் அந்த வழியில் உரமூட்டைகளை அடுக்கிவிட்டார். இரண்டையும் நான் போய்ச் சேர்வதற்குள் அவர்களே பேசிக்கொண்டார்கள்.

சரிவு இன்னும் வரவில்லை. மனு எந்த மேசையில் கிடக்கிறது என்று கேட்டு மாதம் ஒருமுறை போய்வருகிறேன். போன தடவை அவர்கள் இருவரும் கூட வந்தார்கள். வரிசையில் நிற்கும்போது, செவலை ஈன்ற கிடாரிக் கன்று பால் மறந்துவிட்டது என்று அந்த அம்மா அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.